பதினொரு மணி ட்ரக்டர்

எங்கள் மூன்று பேருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பெயர் ‘மூன்று ஊசி’. போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் கிளிநொச்சியில் ஆறு மாதம் தையல் படித்தபோது ஒரே மேசையில் இருந்தவர்கள் நாங்கள். மூவரில் இன்றைக்கும் தைத்துச் சீவிக்கிறவள் நான் ஒருத்திதான். பரந்தனில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, மேட்டுக் காணியில் என் வீடு. மற்ற இருவரையும் தொலைபேசியில் ஊர்ப் பெயரால்தான் பதிந்து வைத்திருக்கிறேன். முல்லைத்தீவுக்காரி ஒரு மீன் வியாபாரியின் மனைவி. சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் பெண். கண்டாவளைக்காரியின் தாய் தகப்பன் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் கட்டியது கண்டாவளையில் வயல் செய்கிற ஒருவரை.

விடிந்தால் குழுவில் மூன்று வீட்டு வருத்தங்களும் வரிசையாக வந்து விழும். முல்லைத்தீவுக்காரியின் வாப்பாவுக்குப் பிரஷர் எவ்வளவு, வவுனியாவில் கடையொன்றில் வேலை செய்கிற என் மனுஷனுக்குச் சீனி எவ்வளவு, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தக் கிளினிக்கில் எந்த மருந்து முடிந்துபோயிற்று. அதோடு மழை. பெய்தாலும் முறைப்பாடு, பெய்யாவிட்டாலும் முறைப்பாடு. வெளியாள் யாராவது கேட்டால், இந்தப் பெண்டுகளுக்கு வேறு கதையே இல்லையா என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

கண்டாவளைக்காரியின் வீட்டு வருத்தம் மட்டும் எங்களுடையதைப் போன்றதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு முறை தவறினால் நெஞ்சு நின்றுவிடக்கூடும். முதல் தடவை அவரை மெசினில் போட்டபோது வெளியே மர வாங்கில் அவளோடு இருந்தவள் நான். அன்றிலிருந்து அவர் என்னைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். எந்தக் காரியமானாலும், “தங்கச்சியைக் கேட்டுப் பாப்பம்” என்பாராம்.

எனக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரத்துக்கு வராதவர்களை என்னால் பொறுக்க முடியாது. தொலைபேசி எடுத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்கவும் மாட்டேன். முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு இருப்பேன். சொன்னவர் தானாக வந்து, தானாகக் குற்றத்தை உணரவேண்டும் என்பது என் எண்ணம். கண்டாவளைக்காரியோ நேரத்துக்கு எங்கும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. தையல் வகுப்புக்கு அவள் பிந்தி வந்து நான் ஒரு கிழமை கதைக்காமல் இருந்ததெல்லாம் உண்டு. அவள் அதைப் பெரிதாக எடுக்கமாட்டாள். மூன்றாம் நாள் தோசை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

கார்த்திகை முடிகிற நேரம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள், பிறகு புயல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவர் ஒரு குறையும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அன்று பின்னேரம் தொடங்கிய மழை புதன்கிழமை விடிந்தபிறகும் விடவில்லை. முதலில் முல்லைத்தீவுக்காரியின் குரல் வந்தது.

“நாயாத்துப் பக்கம் மீன்காரற்ற வாடியள் எல்லாம் காத்தோட போயிட்டுதாம். கடல் ரோட்டில வந்து நிக்குதாம். எங்கட குசினித் தகரம் ரெண்டு பறந்து பக்கத்து வளவுக்குள்ள. வாப்பா கட்டிலை விட்டு இறங்கமாட்டன் எண்டு பிடிவாதம். நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி இருக்கிறியள்?”

எனக்கு என்ன வந்தது? கூரை நல்ல கூரை, வளவில் தண்ணீர் நிற்காது. தையல் மெசினுக்கு மேல் ஒரு பொலித்தீனை விரித்துவிட்டு, மகளுக்குப் பாடசாலை இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான். என் பயம் முழுக்க வெள்ளிக்கிழமையைப் பற்றியது. அன்று மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று எங்கள் ஒழுங்கையால் சொல்லிக்கொண்டு போனது: இரணைமடுக் குளம் நிரம்பிக்கொண்டிருக்கிறது, வான்கதவுகள் திறக்கப்படலாம், தாழ்நிலத்தில் உள்ளவர்கள் கவனம். இரணைமடு திறந்தால் அந்தத் தண்ணீர் ஆற்றால் இறங்கி எங்கே போகும் என்று எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கண்டாவளைக்குத்தான் போகும்.

உடனே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எடி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காத. நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வந்திடு. இஞ்சயிருந்து ஆஸ்பத்திரிக்கு நேர் ரோட்டு.”

“ஆட்ட யாரு பாக்கிறது புள்ள?”

“ஆட்டையும் கொண்டு வா. என்ர தலையில கட்டு.”

அவள் சிரித்தாள். பிறகு, பின்னால் அவர் ஏதோ சொல்வது கேட்டது. “தங்கச்சி சொன்னா சரிங்கிறாரு” என்றாள்.

எங்கள் ஒழுங்கையில் ட்ரக்டர் வைத்திருக்கிற ஒரு தம்பி இருக்கிறார். வயல் காலத்தில் உழவு, மற்றக் காலத்தில் மணல், கல், கலியாண வீட்டுக் கதிரை என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். அவரிடம் போய், வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கண்டாவளைக்குப் போய் நோயாளி ஒருவரையும் மனைவியையும் ஏற்றிவரவேண்டும் என்று சொல்லி ஒழுங்கு செய்தேன். பின்பெட்டியில் ஒரு மெத்தையும் மழைக்கு மேலே தரப்பாளும் போடச் சொன்னேன். இதை அவளுக்கும் சொன்னேன். எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன்.

வியாழன் காலை ஒன்பது மணிபோல சந்தியில் ஒரு கதை வந்தது. கண்டாவளைப் பக்கமிருந்து வருகிற பத்து மணி பஸ் இன்றைக்கு ஓடுகிறதாம். பஸ் என்றால் அவர் நனையமாட்டார், ட்ரக்டர் பெட்டியில் குலுங்கவும் தேவையில்லை. நான் குழுவில் பேசி அனுப்பினேன்: “பத்து மணி பஸ் ஓடுதாம். அதில வாறதெண்டால் வா. இல்லாட்டிச் சொன்னபடி ட்ரக்டர் பதினொரு மணிக்கு வரும். எதெண்டு சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. காற்று இரைச்சலில் பாதிதான் விளங்கியது. அவருடைய காலில் வீக்கம் இருக்கிறது என்றாள். வயலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டியாயிற்று என்றாள். நடுவில் மழைச் சத்தம். கடைசியில் தெளிவாக, “சரி புள்ள, வர்றேன்.”

நல்லது, பஸ்ஸில் வருகிறாள். குடையைப் பிடித்துக்கொண்டு ட்ரக்டர்த் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியில் மெத்தையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“தம்பி, தேவையில்லை. அவை பஸ்ஸில வெளிக்கிட்டிட்டினம்.”

“உறுதியோ அக்கா? ஏனெண்டால் இன்னும் ரெண்டு இடத்தில கூப்பிடுகினம்.”

“உறுதிதான். வாறன் எண்டு சொல்லிப்போட்டாள்.”

அவர் மெத்தையை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டு, வேறு பக்கம் வெளிக்கிட்டுப் போனார். நான் வீட்டுக்கு வந்து சமைத்தேன். அவருக்குச் சமைப்பது பெரிய வேலை. உப்புக் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது. கிழங்கை வெட்டி அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் புதுத் தண்ணீரில் அவிக்கவேண்டும். குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ்தான். எல்லாம் அவளே சொல்லித் தந்தது. முன்னறையில் கட்டிலைப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். முல்லைத்தீவுக்காரி அதற்கு ஒரு இதயம் போட்டாள்.

பத்து மணி பஸ் எவ்வளவு பிந்தினாலும் பதினொரு மணிக்குப் பரந்தனுக்கு வந்துவிடும். பதினொன்றே கால் ஆயிற்று. அவளைக் காணவில்லை. பதினொன்றரை. சந்தியில் இறங்கி மருந்துக்கடைக்குள் புகுந்திருப்பாள், அல்லது யாரையாவது கண்டு கதைத்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். நோயாளியை மழையில் வைத்துக்கொண்டு கதை வேண்டிக்கிடக்கிறது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு நல்ல கோபம் வந்துவிட்டது.

“அம்மா, எடுத்துக் கேளுங்கோவன்” என்றாள் மகள். ஓ.எல். படிக்கிறவள், எந்த நேரமும் தொலைபேசி கையில்.

“வாறன் எண்டவள் வருவாள்.”

“மழை இப்பிடிப் பெய்யுது. என்ன நடந்ததோ தெரியாது.”

“உனக்குத் தெரியாது அவளைப் பற்றி. பதினைஞ்சு வருசமா இதுதான். நான் சமைச்சு வச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும், அவ தன்ர பாட்டில வருவா. நான் எடுக்கமாட்டன்.”

நான் எடுக்கவில்லை. ஒரு சட்டையின் கையை இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். அந்த நேரம் முழுக்க என் மனதில் ஓடியது அவளுக்குக் கொடுக்க வைத்திருந்த ஏச்சுத்தான். வந்து செருப்பைக் கழற்றியதும் என்ன சொல்லவேண்டும், அவள் சிரித்தால் அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று வசனம் வசனமாக அடுக்கி வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

ஒன்றரை மணிக்கு மகள் என்னிடம் கேட்காமல் தன் தொலைபேசியிலிருந்து அவளை அழைத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. மூன்று தரம் முயற்சி செய்தாள். பிறகு என் தொலைபேசியை எடுத்து, காலையில் வந்த குரலைப் போட்டுக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். மேலே தள்ளி முந்தின நாள் வந்ததைப் போட்டாள். அதற்கு முந்தினதைப் போட்டாள். ஆடு குட்டி போட்ட செய்தி. “சரி புள்ள, வர்றேன்.” ஆஸ்பத்திரியில் தாதி மாறிவிட்ட செய்தி. “சரி புள்ள, வர்றேன்.” யாரோ உறவினரின் பிள்ளைக்குக் காது குத்துகிற செய்தி. “சரி புள்ள, வர்றேன்.”

“அம்மா, அன்ரி ஒவ்வொரு வொய்ஸிலயும் கடைசியில இதைத்தானே சொல்லுறவா” என்றாள்.

 எனக்குத் தெரியாத விஷயமா இது? நாங்கள் தொலைபேசியை வைக்கும்போது ‘சரி, வைக்கிறன்’ என்போம். அவளுக்கு அந்தச் சொல் பிடிக்காது. முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறதாம். அவளுடைய தாய், வாசலில் விடைபெறும்போது சொல்கிறதையே தொலைபேசியிலும் சொல்லப் பழக்கியிருந்தா. இதைச் சொல்லி நாங்கள் அவளைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. “வாறதெண்டால் அரிசி கூடப் போடட்டோ?” என்று முல்லைத்தீவுக்காரி கேட்பாள். அத்தனை வருடம் கேட்ட அதே சொல், ‘வா’ என்று நான் கூப்பிட்ட அன்று மட்டும் எனக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. அவள் விடைபெற்றிருக்கிறாள். பஸ்ஸில் வருவதாகச் சொல்லவேயில்லை. சொன்னபடி ட்ரக்டருக்குக் காத்திருக்கிறாள்.

செருப்பில்லாமல் ஓடினேன். ட்ரக்டர்த் தம்பி வீட்டில் இல்லை. அவருடைய மனைவி, வேறு ஒரு கிராமத்திலிருந்து ஆட்களை ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோய்விடுகிறார் என்றா. அவருக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அதற்குள் இரணைமடு வான்கதவுகள் திறந்தாயிற்று என்று ஊர் முழுக்கக் கதை. நான் அவர்களுடைய வாசலிலேயே நின்றேன். நாலு மணிக்கு அவர் வந்தார். ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பவும் வெளிக்கிட்டார். ஒரு மணித்தியாலத்தில் வெறும் பெட்டியோடு வந்தார்.

“ஏலாது அக்கா. மதகுக்கு மேலால தண்ணி பாயுது. பெட்டி மிதக்கப் பாக்குது. மத்தியானம் எண்டால் போயிருக்கலாம்.”

மத்தியானம் என்றால் போயிருக்கலாம். அவர் குற்றம் சொல்கிற ஆள் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல அவள் அழைத்தாள். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார்சைக்கிள் பற்றரியில் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தானாம்.

“தண்ணி குசினிக்குள்ள வந்திருச்சி புள்ள. மேசை மேல பலகை போட்டு அவர உக்கார வச்சிருக்கேன். அக்கம்பக்கம் எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. இவரால தண்ணிக்குள்ள நடக்க ஏலாது, நான் எங்க போறது? நேத்து ட்ரக்டர் ஏன் வரல?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. நான் சொன்னது இது: “தண்ணி ஏறிட்டுதடி. அவர் வந்து பாத்தவர், மதகடியில திரும்பிட்டார்.”

பொய் இல்லை. நாலு மணிக்கு அவர் போனதும் திரும்பியதும் நடந்தவைதான். ஆனால் அவள் கேட்டது நாலு மணியைப் பற்றி அல்ல. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். அவள், “ஐயோ பாவம், அவருக்கும் கஷ்டம்” என்றாள். அந்த ஒரு வசனம் என்னைப் பிடித்துத் தின்றது.

வெள்ளி தவறிவிட்டது. கிராம அலுவலர் விதானையாருக்கு எடுத்தேன். பெயரை எழுதி வைத்திருக்கிறேன், படகு வந்தால் முதலில் அவர்கள்தான் என்றார். இருந்த ஒரு படகு கூரையில் ஏறி நிற்கிறவர்களை எடுக்கப் போயிருந்தது. முல்லைத்தீவுக்காரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். என் கோபத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லைப் பிழையாக விளங்கிவிட்டேன் என்றேன். 

“சரி, அதை இப்ப விடு. இவரிட்ட மீன் குடுக்கிற நாயாத்து ஆக்கள் இருக்கினம். அவையளிட்டப் படகு இருக்கு. லொறியில ஏத்தி அனுப்ப ஏலுமோ எண்டு பாக்கிறன். ரோட்டு விடவேணும், அல்லாஹ் விடவேணும்.”

சனிக்கிழமை ரோட்டு விடவில்லை. படகை ஏற்றிய லொறி பாதி வழியில், வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கண்டாவளையிலிருந்து சின்னச் சின்னதாகச் செய்தி வந்தது. அவர் படுத்தால் மூச்சு வாங்குகிறது, இருந்தபடி தூங்குகிறார். முகம் ஊதிவிட்டது. தண்ணீர் கேட்கிறார். நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒரு மிடறு தா என்று மனைவியிடம் கெஞ்சுகிறார். அவள் துணியை நனைத்து உதட்டில் வைக்கிறாள். பின்னேரம் இன்னொரு செய்தி வந்தது. “என்னையவே இன்னாருன்னு தெரியாத மாதிரிப் பாக்குறாரு புள்ள.” அன்று நானும் சோறு தின்னவில்லை. மகள் வற்புறுத்தவில்லை. என்னைப் பார்க்காமலே தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லொறி வந்துவிட்டது. நாயாற்றுக்காரர் இருவர் வெள்ளம் தொடங்குகிற இடத்தில் படகை இறக்கினார்கள். நானும் ட்ரக்டர்த் தம்பியும் வீதியில் நின்றோம். கடலில் ஓடுகிற படகு வயல்வெளிக்கு மேலால், வரம்பும் வேலியும் தெரியாத தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. எனக்கு ஒரு நினைவுதான்: படகில் அவர் இருந்தபடி வரவேண்டும். கிடத்திக்கொண்டு வரக்கூடாது.

இருந்தபடிதான் வந்தார். படகின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் அவர், பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தாள். அவருடைய முகத்தை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை, அவ்வளவு வீக்கம். மூச்சு இழுக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அவள் இறங்கி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு நாலு பேராகச் சேர்ந்து அவரைக் கதிரையோடு தூக்கி ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினோம். நான் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லி வைப்பதற்காக என் ஸ்கூட்டரில் முந்திப் போனேன்.

அங்கே தாதிமார் இருவர் தங்கள் வீடுகளுக்குள் வெள்ளம் நிற்க வேலைக்கு வந்திருந்தார்கள். வந்தவுடனேயே அவரை உள்ளே எடுத்தார்கள். வைத்தியர் சின்ன வயதுக்காரி. சுருக்கமாகச் சொன்னா: “நெஞ்சில தண்ணி சேந்திருக்கு. இரத்தத்தில உப்புகள் கூடிப்போச்சு. எங்களால ஏலுமானதைச் செய்யிறம். இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, வெளியில இருங்கோ.” கதவு சாத்தப்பட்டது.

நாங்கள் இருவரும் வாங்கில் இருந்தோம். மகள் கொடுத்துவிட்ட பாண் மடியில் கிடந்தது. அவளுடைய சேலை முழங்கால் வரை சேறு. நான் ஏதோ சொல்ல வாய் திறந்தபோது அவள் முந்திக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வர்ற வழியில ட்ரக்டர்க்கார அண்ணன் சொன்னாரு. வியாழக்கெழமை மெத்தையெல்லாம் போட்டுக்கிட்டு நின்னாராம். நீதான் வேணாம்னியாம்.”

நான் சொன்னேன். அவளுடைய குரலையும், நான் அதை விளங்கிய விதத்தையும், மகள் போட்டுக் காட்டியதையும் சொன்னேன். அவள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

“அத அப்பிடியா எடுத்த?” என்றாள். குரலில் கோபம் இல்லை. பாவம், யாருக்கும் வரக்கூடிய பிழைதான் என்று நினைத்திருப்பாள். அதோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். “பஸ்ஸு பதினொரு மணிக்கு அங்க வந்திருமே. நான் எறங்கலன்னதும் ஏன் புள்ள போன் பண்ணல? மத்தியானம் வரைக்கும் சிக்னல் இருந்திச்சே. மழையில ட்ரக்டர் பிந்துதுன்னுதான் நான் நெனச்சேன்; எடுக்கப் பாத்தப்ப சிக்னல் போயிருச்சு.”

தொடர்பு கிடைக்கவில்லை என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே மெசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

“கோவத்தில இருந்தனான்” என்றேன்.

“எம்மேலயா?”

“ஓம். நேரத்துக்கு வரேல்லை எண்டு.”

“எவ்வளவு நேரம் இருந்த?”

“ரெண்டரை மணித்தியாலம்.”

அவள் விரல்களைப் பார்த்தாள். மனதுக்குள் நேரத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“பன்னெண்டு மணிக்கு எங்க வாசல்ல கணுக்கால் தண்ணிதான்” என்றாள். “நான் அவருக்குச் சட்டை போட்டுத் தலை வாரி, கதவு பக்கத்துல கதிரையில உக்கார வச்சிருந்தேன். ட்ரக்டர் சத்தம் கேக்குதா பாருன்னு நிமிஷத்துக்கு ஒருக்காக் கேட்டுக்கிட்டு இருந்தாரு.”

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். அந்த வழியால் போன ஒரு அம்மா நின்று, ஆர், பிள்ளை, செத்தது என்று கேட்டா. கண்டாவளைக்காரி, யாரும் சாகவில்லை என்று அவவுக்குப் பதில் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. என்னை ஏசவும் இல்லை, தோளில் கை வைக்கவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நாலு மணித்தியாலம் அந்த வாங்கிலேயே இரண்டு பேரும் ஒட்டாமல் இருந்தோம்.

பின்னேரம் தாதி கதவைத் திறந்தா. முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழும்பிவிட்டோம்.

“தப்பிட்டார். மூச்சு நல்லாயிருக்கு, ஆளையும் மட்டுக்கட்டுறார். ரெண்டு பேரும் வாங்கோ, கனநேரம் நிக்கவேண்டாம்.”

 அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கதவுக்குக் கிட்டப் போனபோது என் காதுக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னாள்.

“இத அவருகிட்டச் சொல்லிறாத. அவரு ஒன்னைய ரொம்பப் பெருசா நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

உள்ளே அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது. என்னைக் கண்டதும் ஊசி குத்தாத கையைத் தூக்கினார்.

“தங்கச்சி, படகெல்லாம் பிடிச்சு அனுப்பினியளாம். எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சிட்டியள். நீங்கள் இல்லையெண்டால் நான் இல்லை.”

“அதுக்கென்ன அண்ணை” என்றேன்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, வீக்கம் வற்றியிருக்கிறதா என்று அவருடைய காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.